குழாய் வைத்த ஐஸ் பெட்டி

மில் ஸ்டோர்ஸில் இருபத்தேழு வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். அந்த உத்தியோகத்தின் சாரம் ஒரே சொல்தான்: இல்லை. பேரிங் இருக்கிறதா? இல்லை. பெல்ட் இருக்கிறதா? இல்லை. இருந்தாலும் இல்லை. கேட்டதும் எடுத்துக் கொடுப்பதற்கு ஸ்டோர்ஸ் என்று ஒன்று எதற்கு, அலமாரிகளைத் திறந்து போட்டுவிட்டு நான் வீட்டில் படுத்துக்கொள்ளலாமே.

அப்படிப்பட்ட என் ஜன்னலுக்கு முன்னால் தினமும் வந்து நின்றவர், 'ஆகாது' என்று யாரிடமும் சொல்லத் தெரியாத ஒரு மனிதர். மில்லில் ஃபிட்டர். பெயர் எதற்கு, எல்லோரும் ஃபிட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். குட்டையான ஆள், எண்ணெய் படிந்த அரைக்கால் டிரவுசர், காதில் எப்போதும் ஒரு பென்சில். கணபதி என்கிற ஊரில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, தங்கையோடு குடியிருந்தார். வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு சின்னப் பட்டறை. யார் என்ன கேட்டாலும் ஒரு விநாடி பென்சிலைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு, "பண்ணிப்போடலாமுங்க" என்பார். அது முடியுமா, அதற்கு நேரம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம் வருகிற கவலை.

அந்தியூர்க்காரர் ஒருவர் வந்தார். தொழுவத்தில் ரேடியோ பாடினால் அவருடைய எருமை நன்றாகக் கறக்கிறதாம், ஆனால் செய்தி வாசிக்கத் தொடங்கினால் மிரண்டு காலைத் தூக்குகிறதாம். செய்தி நேரத்தில் மட்டும் ரேடியோ தானாக வாயை மூட வேண்டும். நானாக இருந்தால் எருமையை மாற்றச் சொல்லியிருப்பேன். இவர் பென்சிலைத் தொட்டார். பத்து நாளில் ஒரு அலாரம் கடிகாரத்தை ரேடியோவோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்து அனுப்பினார். எருமை கறந்தது. அந்த வீட்டார்தான் அதன் பிறகு நாட்டு நடப்பு எதுவும் தெரியாமல் போனார்கள்.

இதில் வேடிக்கை மட்டும் இல்லை, வேதனையும் உண்டு. தங்கைக்கு இருபத்திரண்டு வயதானபோது இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டார்கள். முதலில் வந்தவர்களிடம் சரிங்க என்றார். மறுநாள் வந்தவர்களிடமும் சரிங்க என்றார். இரண்டு வீட்டாரும் ஒரே வெள்ளிக்கிழமை காலையில் தாம்பாளத்தோடு வாசலில் நின்றார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பாய் விரித்துக் காபி கொடுத்தார் மனிதர். காபியைக் குடித்துவிட்டு இரண்டு கூட்டமும் எழுந்து போய்விட்டது. அதன் பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டுப் பக்கம் யாரும் பெண் கேட்டு வரவில்லை. அந்தப் பெண் அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

அந்த நாளில்தான் மில்லுக்குப் புது மெஷின்கள் வந்தன. அவற்றைப் பூட்டிக் கொடுக்க ஒரு ஜெர்மன்காரரும் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், செக்கச் செவேலென்று முகம், பங்குனி வெயிலில் அது தக்காளியாகிவிட்டது. மதுவிலக்கு இருந்த காலம். வெளிநாட்டுக்காரர் என்பதால் அவருக்கு மட்டும் பர்மிட் உண்டு. மாதம் இத்தனை பாட்டில் பீர் என்று கணக்காக வரும். ஆனால் அவருக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. தன் ஊரில் பீர் பாட்டிலில் வராதாம், குழாயில் வருமாம், சில்லென்று, மேலே இரண்டு விரல் உயரம் நுரையோடு. இங்கே ரசம் மாதிரி கொதிக்கிறதாம். இதை அவர் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்த ஃபிட்டரிடம் பாதிக் கையாலும் பாதி இங்கிலீஷிலும் புலம்பியிருக்கிறார். இந்த ஊரில் இனி ஒரு மாதம் கூட இருக்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். ஃபிட்டர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஃபிட்டர் பீரைக் கண்ணால் பார்த்ததில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு கள் கூடத் தொடாதவர். ஆனால் டாக்கீஸ் வாசலில் ஐஸ்கிரீம் விற்றவர் கடையை மூடிவிட்டுப் போனபோது விட்டுச் சென்ற ஒரு பெரிய ஐஸ் பெட்டி எங்கே கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். சவப்பெட்டி நீளம், மேல்பக்கம் திறக்கிற மூடி. காற்றாடி மோட்டார் கருகிப்போயிருந்தது. தங்கை ஒரே நாளில் அதற்குக் காயில் கட்டிக் கொடுத்துவிட்டாள். பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

முதல் தவறு அங்கேதான். ஐஸ்கிரீமுக்கான பெட்டி அது, அதற்கு உறைய வைக்க மட்டும்தான் தெரியும். சோதனைக்கென்று வைத்த நாலு பாட்டிலும் மறுநாள் காலையில் வெடித்துக் கிடந்தன. ஜெர்மன்காரர் அந்தக் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்த பார்வையை இழவு வீட்டில் கூட நான் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் ஃபிட்டர் என் ஜன்னலுக்கு வந்தார். குளிர் ஓர் அளவுக்குப் போனதும் பெட்டியை நிறுத்தி, ஏறினால் மறுபடி ஓட்டுகிற சாமான் ஒன்று வேண்டும். நூல் அறையின் ஈரப்பதம் பார்க்கிற பிளாண்டில் அந்த மாதிரி ஒன்று உண்டு. நான் இல்லை என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். சண்டை போடுகிறவனைச் சமாளிக்க எனக்குத் தெரியும். மரியாதையாக உட்கார்ந்திருக்கிறவரை என்ன செய்வது? மாலை சங்கு ஊதும்போது, கழித்துக் கட்டிய பழைய சாமான்களிலிருந்து ஒன்றைத் தூக்கி வெளியே வைத்தேன். அதைப் பழுது பார்த்துப் பெட்டிக்குள் தொங்கவிட்டார். அதன் பிறகு பெட்டி கிணற்றுத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல் சில்லிப்பில், ஒழுங்காக நின்றது.

பிறகு குழாய். பெட்டியின் பக்கவாட்டில் துளை போட்டுக் குழாயைச் சொருகினால் வேலை முடிந்தது என்று நான் யோசனை சொன்னேன். அவர் மூடியைத் திறந்து, உள்சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டார். சற்று நேரத்தில் சுவரில் கோடு கோடாகப் பனி படிந்தது. சுவருக்குள் குளிர்ச்சியைக் கொண்டுபோகிற குழாய்கள் ஓடுகிற இடங்கள் அவை. அதில் ஒன்றைத் துளைத்தால் பெட்டி செத்தது. அதனால் பெட்டியின் உடம்பைத் தொடாமல், உடம்புக்கும் மூடிக்கும் நடுவில் தேக்குப் பலகையில் ஒரு சட்டம் செய்து பொருத்தி, குழாயை அந்த மரத்தின் வழியாக வெளியே கொண்டுவந்தார். பாட்டில் பீரைக் கொட்டி வைக்க உள்ளே அலுமினியப் பால் கேன், மூடிக்கு ரப்பர் வளையம், இறுக்க நாலு போல்ட்டு. பீரை வெளியே தள்ள, சோடா கம்பெனியிலிருந்து ஒரு காஸ் சிலிண்டர். வெளி முனையில் பித்தளைக் குழாய், தோட்டத்துப் பம்புசெட்டில் இருப்பதுதான், சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்.

முதல் நாள் குழாயைத் திறந்தபோது நுரை மட்டுமே வந்தது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. யோசித்து, உள்ளே மெல்லிய குழாயைப் பத்தடி நீளத்துக்குச் சுருள் சுருளாகச் சுற்றி வைத்தார். வேகம் அடங்கியது. ஜெர்மன்காரரின் பங்களாவுக்குப் பெட்டி மாட்டு வண்டியில் போய் இறங்கிய அன்று, கண்ணாடி டம்ளரில் பொன் நிறத்தில் நிரம்பி, மேலே மிகச் சரியாக இரண்டு விரல் நுரை நின்றது. அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையில் நுரையோடு ஃபிட்டரைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். ஃபிட்டர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே கும்பிட்டார்.

இறக்கிவிட்டதும் அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினார் ஜெர்மன்காரர். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர் அதை வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் கையிலேயே வைத்திருந்தார். ஜெர்மன்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் டம்ளரை என் கையில் திணித்துவிட்டார். நான் அதைச் செடிக்கு ஊற்றினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின்கள் ஓடத் தொடங்கின. ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது பெட்டியை ஃபிட்டருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அது கொட்டகையில் ஓர் ஓரத்தில், காலி வயிற்றோடு நின்றது. வினை அங்கே இருந்துதான் முளைத்தது.

அடுத்த வருஷம் தங்கைக்கு அவிநாசிப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. நல்ல பையன், கிணறும் தோட்டமும் உண்டு, தகப்பனார் இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். பையனைத் தங்கைக்கும் பிடித்திருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் அவள் கட்டிய காயில்களில் இரண்டு தலைகீழாக இருந்தன. நிச்சயத்துக்கு வந்த தாய்மாமன், வெற்றிலை போட்டுக்கொண்டே கொட்டகைப் பக்கம் ஃபிட்டரைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"ஏனுங்க தம்பி, தொரைக்குப் பண்ணிக் குடுத்தீங்களாமே, அந்தப் பொட்டி இதுதானுங்களா?" என்று கேட்டார். தட்டிப் பார்த்தார். "நாங்க முந்தின நாளே வந்து எறங்கறமுங்களே, அன்னிக்கு எங்க பெரியவிய ஒரு எட்டுப் பேருக்கு மட்டும் அந்த பீரைச் சித்தெ ஊத்திக் குடுத்தீங்கன்னா எங்களுக்கு ஒரு மருவாதிங்க. இந்தச் சின்ன விசயத்துக்கு ஆகாதுங்கற ஊட்டுல சம்பந்தம் வெச்சுக்க முடியுங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னார். ஃபிட்டரின் கை காதுக்குப் போனது. நான் அவர் காலை மிதித்தேன். மிதித்தும் பயனில்லை.

"பண்ணிப்போடலாமுங்க."

அவர்கள் போன பிறகு நான் கத்தினேன். பர்மிட்காரர் கப்பலேறிவிட்டார். பீருக்கு எங்கே போவது? எங்காவது திருட்டுத்தனமாக வாங்கி ஊற்றினால் மணவறைக்குப் பதிலாக ஜெயிலில் உட்கார வேண்டும். ஊற்றாவிட்டால் மூன்றாவது முறையாகப் பெண் வீட்டில் நிற்பாள், அதற்கப்புறம் யாரும் வரப்போவதில்லை. நேரே அவிநாசிக்குப் போய், ஆகாதுங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். போனார். மாலையில் ஒரு மூட்டை நிலக்கடலையோடு திரும்பினார். சொன்னீர்களா என்றேன். சாப்பிடச் சொல்லிவிட்டார்களாம், வாய் நிறையச் சோறு இருந்ததாம். மறுவாரம் மறுபடி அனுப்பினேன். அவர்கள் கிணற்று மோட்டாரைச் சரி செய்துவிட்டு வந்தார்.

கடைசியில் தங்கைதான் பேசினாள். காயிலைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"அவிய என்னிக்குங்கண்ணா பீரைக் குடிச்சிருக்காங்க? சில்லுனு இருக்கோணும், நுரை வரோணும், சித்தெ கசக்கோணும். அவ்வளவுதானுங்களே? பானகத்தைக் கரைச்சு பொட்டியில ஊத்தி காஸைப் புடிச்சு உடுங்க."

தெரிந்துபோனால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன்.

"கல்யாணம் நின்னுபோயிரும்" என்றாள். "ஆனா எங்கண்ணன் செயிலுக்குப் போயி எனக்கொரு கல்யாணம் வேண்டாமுங்க."

அப்புறம் ஒரு வாரம் அந்தக் கொட்டகையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெல்லம், சுக்கு, எலுமிச்சை எல்லாம் சரி, கசப்புக்கு என்ன செய்வது? சித்திரை மாதம், தெருவெல்லாம் வேப்பம்பூ. அதைக் கொதிக்க வைத்து வடிகட்டி அளவாகச் சேர்த்தாள் தங்கை. அளவு பார்க்கிற நாக்கு என்னுடையது. முதல் டம்ளர் பேதி மருந்து. மூன்றாவது டம்ளர் கோயில் பிரசாதம். ஆறாவது டம்ளரைக் குடித்துவிட்டு நான் அவளைப் பார்த்தேன். குழாயிலிருந்து பொன் நிறத்தில் இறங்கி, இரண்டு விரல் நுரை கட்டி நின்றது அது. எனக்கே ஒரு கணம் தலை கிறுகிறுத்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் லாரியில் வந்து இறங்கினார்கள். பந்தலில் எல்லோருக்கும் காபி பலகாரம் நடந்துகொண்டிருந்தபோது, தாய்மாமனும் அவருடைய ஏழு பெரியவர்களும் கொல்லைப்பக்கம் நடந்தார்கள். வேறு யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள, இல்லை என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் என்னைக் கொட்டகைக் கதவில் நிறுத்தியிருந்தார்கள். ஃபிட்டர் குழாயடியில். முதல் டம்ளரைத் தாய்மாமனிடம் நீட்டினார். தாய்மாமன் ஒரு மடக்குக் குடித்தார். நிறுத்தினார். டம்ளரைப் பார்த்தார். அந்த நிறுத்தம் எவ்வளவு நேரம் இருந்திருக்கும், நாலு மூச்சு இருக்குமா? பட்டறைக்கு அந்தப் பக்கம், சமையற்கட்டு ஜன்னலில், மஞ்சள் பூசிய முகத்தோடு தங்கை நின்றுகொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

தாய்மாமன் மீதியைக் கடகடவென்று குடித்து முடித்தார். தோளிலிருந்த துண்டால் மீசையைத் துடைத்தார். "ஏறுதுங்க" என்றார்.

அப்புறம் தடையே இல்லை. ஏழு பேரும் குடித்தார்கள். இரண்டாவது சுற்றில் ஒருவர் கும்மிப் பாட்டு எடுத்தார். ஒருவர் போன வருஷம் செத்த காளையை நினைத்துத் தேம்பினார். வரப்புத் தகராறில் ஆறு வருஷம் பேசாமலிருந்த பங்காளிகள் இரண்டு பேர் கட்டிக்கொண்டு, அந்த வரப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் தானம் செய்துகொண்டார்கள். தாய்மாமன் ஆடிக்கொண்டே வந்து ஃபிட்டரின் தோளில் சாய்ந்து, எம்பட தம்பி, எம்பட தம்பி என்றார்.

அந்த நேரம் பார்த்து மதுவிலக்கு ஏட்டு வந்தார். யாரோ மூட்டிவிட்டிருக்கிறார்கள். என் 'இல்லை' அவரிடம் செல்லுபடியாகவில்லை. உள்ளே வந்து தள்ளாடுகிற எட்டுப் பேரையும் பார்த்தார், குழாயைப் பார்த்தார், முகம் கடுகடுத்தது. ஃபிட்டர் ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். ஏட்டு முகர்ந்தார். உதட்டில் வைத்தார். அவருடைய புருவம் மேலே போனது. வாயைத் திறந்து இது பானகம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் எட்டுப் பேரையும் இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தார். பிறகு டம்ளரைக் காலி செய்தார், இன்னொன்று வாங்கிக் குடித்தார், தொப்பியைச் சரி செய்துகொண்டார். "விருந்து நல்லாருக்குதுங்க. காலையில முகூர்த்தத்துக்கு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடியற்காலை தாலி ஏறியது. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அழுதார்கள், அட்சதை போட வேண்டிய கையால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து அவிநாசித் தேருக்குப் போயிருந்தபோது அந்தத் தாய்மாமனைக் கூட்டத்தில் பார்த்தேன். நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். பேச்சு பெட்டிக்கு வந்தது. நான் கொஞ்சம் குறும்பாக, அன்றைக்கு நன்றாக ஏறியதா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நான் சண்டைக் காலத்துல பட்டாளத்துல இருந்தவனுங்க. பீரு எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா? மொத மடக்குலயே பானகம்னு தெரிஞ்சுபோச்சு."

மற்ற ஏழு பேருக்கும் தெரியாதல்லவா என்று கேட்டேன்.

"அவியளுக்கும் தெரியுமுங்க. லாரியில திரும்பிப் போறப்பத்தான் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பார்த்துச் சிரிச்சோம். அத்தனை சிரமப்பட்டுப் பொண்ணு ஊட்டுக்காரர் ஊத்திக் குடுக்கறப்ப, இதுல ஒண்ணுமில்லைன்னு எப்படிங்க சொல்றது?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வெளையாட்டுக்குக் கேட்டதுங்க அது. அவரு ஆகாதும்பாரு, சிரிச்சுட்டுப் போயிரலாம்னு பார்த்தேன். பண்ணிப்போடலாமுன்னுட்டாரு. பொறவு ரெண்டு தடவை எங்கூட்டுக்கு வந்தப்பவும், வேண்டாமுங்க தம்பின்னு சொல்ல வாயெடுத்தேன். அவரு மோட்டாரைப் பத்திப் பேசிட்டுப் போயிட்டாரு."

ஆக, ஒருவர் ஆகாது என்று சொல்லப் போய்ச் சொல்லவில்லை, மற்றவர் வேண்டாம் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. ஒரே சாப்பாட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் பாதி சிரிப்பு.

இதை ஃபிட்டரிடம் சொல்லியே தீருவது என்றுதான் ஊருக்குத் திரும்பினேன். ஆனால் சொல்ல வாய்ப்பு வரவில்லை, வந்தபோது தேவைப்படவில்லை. அடுத்த சித்திரையில் தாய்மாமன், தங்கையின் பிள்ளைகளைக் கோடை லீவுக்கு ஃபிட்டர் வீட்டில் விட வந்திருந்தார். வருஷா வருஷம் நடப்பதுதான். ஃபிட்டர் அவருக்குப் பெட்டியிலிருந்து அதே பானகத்தில் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தார். அவர் குடித்து, மீசையைத் துடைத்து, ஏறுதுங்க என்றார். கிளம்பும்போது வாசற்படியில் லேசாகத் தள்ளாடினார். ஃபிட்டர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொட்டும் குடிக்காத இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடந்தார்கள். பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தவரை நான் வழியில் மடக்கினேன். அவர் நடிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டேன்.

ஃபிட்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவ்வளவு வருஷம் ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இது கூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி.

"அதுக்காக உட்டுப்போட முடியுங்களா?" என்றார். "கையைப் புடிச்சுக்கோணுமுல்லங்க."